தடுத்தது நான்தான்

ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டையில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துவந்தேன். அந்த ஆபீஸ் வைஃபையில் ஊழியர்கள் யாரும் இன்டர்நெட் போன் பேசக் கூடாது என்று 2014 கடைசியில் தடை போட்டவன் நான். அதற்காக முதலாளியிடம் அடுக்கிய காரணங்கள் எதுவும் நானாகக் கட்டியது இல்லை. வைரஸ் பற்றிச் சொன்னது நடந்த விஷயம். சட்டம் பற்றிச் சொன்னதற்குச் செய்தித்தாள் ஆதாரம் இருந்தது. ஸ்கைப் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னதும் ஒரு காலத்தில் சரியாக இருந்த தகவல்தான். ஆனால் இவற்றில் எதற்காகவும் நான் அந்தத் தடையைப் போடவில்லை.

காரணம் சினிமா. ஆபீஸ் லைனில் டோரண்ட் போட்டு நான் படம் இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, டவுனையும் தாண்டி எஸ்டேட் ரோட்டில் இறங்கிவிட்டால், செல்போனில் டவர் கிடைப்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. எங்கள் பங்களாவும் ஆபீசும் ஒரு சரிவுக்குள் இருந்தன. சுற்றிலும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. மெயின் கேட் வரை ஏறிப் போனால் டவர் கிடைக்கும். காபி காயப்போடும் களத்தில் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. ஆபீசுக்குள்ளும் சமையல்கட்டிலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் கிடையவே கிடையாது. ஆகவே ஆபீசுக்கு வந்த ஒரே ஒரு தரைவழி பிராட்பேண்ட் லைனை நம்பித்தான் எல்லாரும் இருந்தோம். பங்களாவில் சில அறைகளை முதலாளி விருந்தினர்களுக்கு விட்டிருந்தார். அவர்களுக்காக வைஃபை போட்டோம். பாஸ்வேர்டு சமையல்கட்டுக்கும் போனது, ரைட்டருக்கும் போனது, டிரைவருக்கும் போனது. யாரும் ஒளித்து வைக்கவில்லை.

லைனின் வேகம் இறங்குவதற்கு 2 எம்பிபிஎஸ். ஏறுவதற்கு அதில் கால்வாசி. ஏடிஎஸ்எல் லைன்களின் அமைப்பே அதுதான்: பொதுஜனம் நிறையப் பார்க்கும், கொஞ்சமாக அனுப்பும் என்ற கணக்கு. ஆனால் போன் பேச்சு அப்படி இல்லை. நம் குரல் போகவும் வேண்டும், அவர்கள் குரல் வரவும் வேண்டும். டோரண்டும் அப்படித்தான், படம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, இறங்கிய பகுதியை முன்பின் தெரியாத பலருக்கு அது ஏற்றி அனுப்பிக்கொண்டும் இருக்கும். ஏறுகிற பாதை குறுகலாக இருந்தால் முதலில் நசுங்குவது குரல்தான்.

முதலாளி சென்னைக்காரர். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் மலைக்கு வந்து தங்குவார். ஜெர்மனியில் காபிக் கொட்டை வறுத்து விற்கும் ஒருவர் எங்களிடம் நேரடியாகக் கொட்டை வாங்கினார். இருவரும் ஸ்கைப்பில்தான் பேசிக்கொள்வார்கள். 2014 சாதாரண வருஷம் இல்லை. பிரேசிலில் வறட்சி, அரபிகா விலை நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டி ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டியது. அந்தச் சந்தை நடப்பது நமக்கு மாலையும் இரவும். ஆகவே அவர்களுடைய பேச்சும் இருட்டிய பிறகுதான். ஒரு நாள் முதலாளி விலை சொல்ல, பாதி எண் போய்ச் சேர்ந்தது, பாதி போகவில்லை. அவர் கத்திச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ரோபோ பேசுவதுபோல் ஏதோ வந்தது, பிறகு அதுவும் நின்றது.

நேராக என் அறைக்கு வந்தார். "என்னப்பா லைன் இது? ஒரு நம்பர் சொல்ல முடியல."

என் கம்ப்யூட்டரில் அந்த நேரம் டோரண்ட் ஜன்னல் கீழே சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த அளவு. டோரண்ட் ஓடும்போது பிங் போட்டால் எங்கள் லைனில் தாமதம் ஒரு விநாடியைத் தொடும் என்பதை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். ஆகவே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஸ்டாஃப் எல்லாரும் வைஃபைல போன் பேசறாங்க சார். அதான் இழுக்குது" என்றேன்.

இவ்வளவுதான் நான் முதலாளியிடம் சொன்ன நேரடிப் பொய். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் உண்மையையே பயன்படுத்திக்கொண்டேன்.

சட்ட விஷயத்தில் முதலாளி என்னை நம்பியதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு யாரோ நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: இன்டர்நெட் வழியாக வரும் வெளிநாட்டு அழைப்பை ஒரு சின்னப் பெட்டி மூலம் ஆபீஸ் தரைவழி போனில் இணைத்துவிட்டால், அங்கிருந்து எந்த ஊர் நம்பருக்கும் செலவில்லாமல் பேசலாம் என்று. நான் கூடாது என்றேன். அது சரியான பதில். இந்தியாவில் இன்டர்நெட் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், இங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். ஆனால் அதை உள்நாட்டுத் தொலைபேசிக் கட்டமைப்போடு நாமாகக் கோத்துவிடக் கூடாது. அப்படிக் கோத்துத் திருட்டு எக்ஸ்சேஞ்ச் நடத்தியவர்களைப் போலீஸ் பிடித்த செய்தி அவ்வப்போது வரும். முதலாளி அந்த யோசனையைக் கைவிட்டார், என்னை விஷயம் தெரிந்தவன் என்று வைத்துக்கொண்டார். அந்த ஒரு சரியான பதிலில் கிடைத்த நல்ல பெயரைத்தான் பிறகு தவறான காரியத்துக்குச் செலவழித்தேன்.

2014 நவம்பர் 10 முதல் இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய செல்போன், தரைவழி நம்பர்களுக்கு அழைக்கும் வசதியை ஸ்கைப் நிறுத்தியது. அந்தச் செய்தியை எடுத்துக் காட்டி, "ஸ்கைப்பே இந்தியாவுல நிறுத்திட்டான் சார்" என்றேன். நம்பருக்குப் போகும் அழைப்பைத்தான் நிறுத்தினார்கள், ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவதில் எந்த மாற்றமும் இல்லை என்ற மீதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாமே தினம் ராத்திரி பேசுகிறோமே என்று அவருக்கு உடனே தோன்றியிருக்கும்.

வைரஸ் கதையும் கையில் இருந்தது. 2012 அக்டோபரில் ஸ்கைப் வழியாக ஒரு புழு பரவியது. இது உன்னுடைய புதுப் படமா என்று நண்பர் கேட்பதுபோல் ஒரு சுட்டி வரும். அமுக்கினால் கம்ப்யூட்டர் போயிற்று. ஆனால் தடுக்க வேண்டியது சுட்டியை அமுக்கும் விரலை. மெயிலிலும் அதே சுட்டி வரும், மெயிலை யாரும் தடை செய்வதில்லை.

அவரை உண்மையில் அசைத்தது மூன்றாவது காரணம். ஸ்கைப்பை 2003-ல் தொடங்கியவர்கள் ஸ்வீடன்காரர் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்காரர் யானுஸ் ஃப்ரீஸும். அவர்களே அதற்கு முன் கசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை நடத்தியவர்கள். அந்தத் தொழில்நுட்பத்தை ஒட்டியே ஸ்கைப்பும் அமைந்தது: வசதியான இணைப்புள்ள சில பயனர்களின் கம்ப்யூட்டர்களை அது சூப்பர்நோடு ஆக்கி, அவற்றின் வழியாக மற்றவர்களின் தொடர்புகளை நடத்திக்கொள்ளும். 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்காக ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தபோது ஸ்கைப்பே முடங்கிப்போனது இதனால்தான். "நம்ம லைன்ல ஊர் பேர் தெரியாதவன் போனெல்லாம் ஓடும் சார்" என்றேன். முதலாளி முகம் மாறிவிட்டது.

2012-லேயே மைக்ரோசாஃப்ட் அந்த வேலையைத் தன் சொந்த சர்வர்களுக்கு மாற்றிவிட்டிருந்தது. அதற்கு முன்பும்கூட, எங்களுடையதுபோல் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் சூப்பர்நோடு ஆகாது. இரண்டும் எனக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு எங்கள் லைனில் ஏதாவது போய்க்கொண்டிருந்தது என்றால், அது நான் இறக்கிய படங்கள்தான்.

ஸ்கைப்பைத் தடுப்பது சுலபமாக இருக்கவில்லை. ஒரு கதவை மூடினால் இணையப் பக்கங்கள் போகும் 80, 443 போர்ட்டுகள் வழியாகவே நுழைந்துவிடும். ஆகவே சேலத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கினோம். எந்த ஆப் பேசுகிறது என்பதைப் பெட்டியே இனம் காணும். திரையில் ஆப்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதுரம். குரல் அழைப்பு என்ற தலைப்பின் கீழ் இருந்த அத்தனை சதுரத்திலும் டிக் போட்டேன். முதலாளியின் லேப்டாப்புக்கு விலக்கு. விருந்தினர்கள் புகார் செய்வார்கள், ஆன்லைனில் ஸ்டாரைக் குறைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்கும் தனி வைஃபை, தனி பாஸ்வேர்டு, முழு விலக்கு. வந்து போகும் அந்நியர்களுக்குத் திறப்பு, வருஷக்கணக்காகக் கூடவே வேலை செய்பவர்களுக்குத் தடை. பாதுகாப்புக்காகப் போட்டதாகச் சொன்ன தடையின் லட்சணம் இது.

அன்று சாயங்காலமே டோரண்டையும் அழித்துவிட்டேன். திருந்தியதால் இல்லை. பெட்டியில் முதலாளிக்கும் ஒரு லாகின் இருந்தது, யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அவர் பார்க்க முடியும்.

அடுத்த முறை ஜெர்மனிக்காரர் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகப் பேசினார். "தடை போட்டதும் பார்த்தியா, லைன் எப்படி இருக்குது!" என்று முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். டோரண்ட் நின்றதால் லைன் சரியானது. பெயர் தடைக்குப் போனது. பொங்கலுக்குச் சம்பளம் கூடியது. அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் விருந்தினர் விடுதிகளிலிருந்தும் என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். போய் அங்கேயும் டிக் போட்டுக் கொடுத்தேன். அவர்களுடைய லைனை எது அடைக்கிறது என்று ஒரு இடத்திலும் நான் அளந்து பார்க்கவில்லை. அளந்தால் என் பெட்டிக்கு வேலை இருந்திருக்காது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குரலை டிஜிட்டலாக்கும் பழைய ஜி.711 முறையில் ஒரு குரல் அழைப்புக்கு, மேலுறைகளையும் சேர்த்து, ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் போகும். ஸ்கைப், வாட்ஸ்அப் போன்றவை அதைவிடக் குறைவிலேயே சமாளித்தன. எங்கள் லைனின் ஏறும் பாதையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் இடம் இருந்திருக்கும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசியதே இல்லை. வீடியோ வேறு விஷயம், அது இழுக்கும். அதற்கும் வழி இருந்தது: குரலுக்கு முதல் உரிமை, வீடியோவுக்கு ஒரு வரம்பு என்று அதே பெட்டியில் பிரித்துக் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தை நான் திறந்தே பார்க்கவில்லை.

இதில் வெட்கம் கெட்ட ஒரு அத்தியாயம் உண்டு. 2014 டிசம்பரில் ஏர்டெல் இன்டர்நெட் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2015 மார்ச் கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டது. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் மெயில்கள் போயின. அதில் ஒன்று என்னுடையது. இணையத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்ய நடுவில் இருப்பவனுக்கு என்ன உரிமை என்ற பொருளில் ஃபேஸ்புக்கிலும் எழுதினேன். நிறைய லைக் வந்தது. எழுதியது எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, என் ஃபயர்வால் பெட்டிக்குப் பக்கத்தில்.

அந்தப் பெட்டி தினமும் ஒரு லாக் கொடுக்கும். எந்த போன், எத்தனை மணிக்கு, எதைத் திறக்கப் பார்த்தது, அனுமதியா தடையா என்று வரிவரியாக இருக்கும். எண்களாக இருந்தால் புரியாதே என்று ஒவ்வொரு போனுக்கும் நானே பெயர் தட்டி வைத்திருந்தேன்: ரைட்டர், டிரைவர், சமையல்-1, சமையல்-2. காலையில் வந்ததும் காபியோடு அதைப் பார்ப்பது வழக்கமாயிற்று. சமையல்-2-க்கு எதிரே இரவு ஒன்பதரை வாக்கில் சிவப்பு வரிகள் இருக்கும். ஒன்று, உடனே இன்னொன்று, சில நிமிஷம் விட்டு மறுபடி ஒன்று. நமக்கு ஒன்பதரை என்றால் ஷார்ஜாவில் எட்டு.

சமையல்கட்டில் வேலை செய்த அக்காவின் போன் அது. உள்ளூர்க்காரர். கணவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அமீரகத்தில் ஸ்கைப்பிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுவதற்கு அப்போது அரசுத் தடை இருந்தது; உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தாண்டி அங்கே இன்டர்நெட் குரல் அழைப்புக்கு அனுமதி இல்லை. மெசேஜ் போகும், குரலைப் பதிந்து அனுப்பினால் போகும், நேரடியாகப் பேசத்தான் முடியாது. இருந்தாலும் அங்கே இருப்பவர்கள் இமோ, அது இது என்று ஏதோ ஒன்றில் அவ்வப்போது பிடித்துவிடுவார்கள். தடைக்கு முன்பு அக்கா பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். மகளைப் போனுக்கு முன்னால் நிறுத்திப் பாட்டுப் பாடச் சொல்வார்.

தடைக்குப் பிறகு ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சார், அவரு கூப்பிட்டா இங்க ரிங்கே வரமாட்டேங்குதுங்க. நான் கூப்பிட்டா சுத்திக்கிட்டே இருக்குது. வைஃபைல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இங்க ஒண்ணும் இல்லக்கா. அந்த நாட்டுல இதுக்கெல்லாம் தடை. அவங்க கவர்ன்மென்டே நிறுத்தி வெச்சிருக்குது" என்றேன்.

அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், பேப்பரிலேயே வந்த விஷயம். அதன் பிறகு ஐஎஸ்டி ரீசார்ஜ் போட்டுக்கொண்டு கேட் வரை ஏறிப் போய்ப் பேசுவார். மார்கழியில் அந்த நேரத்துக்குப் பனி எப்படி இறங்கும் என்பது மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். காபித் தோட்டத்துக்குள் இருட்டியதும் காட்டெருமை நடமாட்டம் வேறு. வாட்ச்மேன் டார்ச்சோடு கூடப் போவார். வாட்ச்மேன் இல்லாத நாளில் போகமாட்டார். அந்த நாட்களில் லாகில் சிவப்பு வரி கூடுதலாக இருக்கும், கிடைக்காது என்று தெரிந்தும் வைஃபையில் முயன்று பார்ப்பார் போல. அதையும் நான் காபியோடுதான் பார்த்தேன்.

2018-ல் நிலைமை மாறியது. அமீரகத்தில் மாதம் 50 திர்ஹம் கட்டினால் போட்டிம் என்ற ஆப்பில் சட்டப்படியே பேசலாம் என்று வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 900 ரூபாய். இந்தியாவிலும் அந்த வருஷம் மே மாதம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இன்டர்நெட் வழியே செல்போனுக்கும் தரைவழி போனுக்கும் அழைப்பை இணைக்க அரசு வழிவிட்டது. நான் முதலாளியிடம் காட்டிய சட்டப் பயம் அத்தோடு முக்கால்வாசி போயிற்று. அதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அக்கா மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் சிரிப்பு. "சார், அவரு காசு கட்டிட்டாருங்க. மாசம் அம்பது திர்ஹமாம். அங்க இனிமே தடையே இல்லையாம். போன்ல ஆப் ஏத்திக் குடுங்க."

ஏற்றிக் கொடுத்தேன். அன்று இரவு ஒன்பதரைக்குச் சிவப்பு வரி விழுந்தது. பெயர் தெரியாத புது ஆப்பாக இருந்தாலும் குரல் அழைப்பு என்று பெட்டி கண்டுபிடித்துவிட்டது. நல்ல பெட்டி.

சமையல்-2 என்ற ஒரு போனுக்கு மட்டும் ஒரு டிக்கை எடுத்தால் போதும். முதலாளியிடம் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒருவருக்குத் திறந்தால் எல்லாரும் கேட்பார்கள். எல்லாருக்கும் திறந்து, லைன் அப்போதும் நன்றாகவே இருந்தால், இத்தனை வருஷம் எதற்காக மூடினாய் என்ற கேள்வி வரும். இது ஒன்று. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சார், நெட் வரல, கொஞ்சம் பாருங்க என்று ரைட்டரிலிருந்து டிரைவர் வரை என் வாசலில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தவனுக்கு அந்தப் பெட்டி ஒரு அந்தஸ்தைக் கொடுத்திருந்தது.

"பாக்கறேன்க்கா" என்றேன். மறுபடி கேட்டபோது, "காசு கட்டினாலும் அங்க சரியா விடமாட்டாங்க போலக்கா, அந்த பேக்கை நிறுத்திடச் சொல்லுங்க, வீண் செலவு" என்றேன். அவருக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னேன் என்பது இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

தடையை எடுத்தது நான் இல்லை, கொரோனா. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். முதலாளி சென்னையில் மாட்டிக்கொண்டார். மறுநாளே போன்: "ரைட்டர், மேஸ்திரி, எல்லாரையும் ஜூம் வீடியோல வரச் சொல்லு, தினம் காலைல மீட்டிங்." அத்தனை டிக்கையும் எடுக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. வைரஸ் என்ன ஆயிற்று, சூப்பர்நோடு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. ஏப்ரலில் ஜூம் பாதுகாப்பானது அல்ல என்று உள்துறை அமைச்சகம் எச்சரித்தபோது நானே பழைய வழக்கத்தில் எடுத்துச் சொன்னேன். "பாஸ்வேர்டு போட்டுக்கப்பா" என்று முடித்துவிட்டார். சரியான பதில் அதுதான். ஐந்தரை வருஷத்துக்கு முன்பு நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான்.

காலை மீட்டிங்கில் அத்தனை பேரும் வீடியோவில் பேசினார்கள். லைன் தாங்கியது.

இப்போதும் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு, கம்பெனி நெட்டில் இந்த ஆப்களை விடலாமா என்று. விடுங்கள் என்கிறேன். அதற்கு முன்னால் லைனை எது தின்கிறது என்று ஒரு நாள் அளந்து பாருங்கள் என்கிறேன். முதலில் தடை போடச் சொல்பவனின் கம்ப்யூட்டரில் ஆரம்பியுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன், அவர்கள் ஜோக் என்று நினைத்துக்கொள்வார்கள். விருந்தினருக்கும் ஊழியருக்கும் கணக்குக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி நெட்வொர்க் வையுங்கள். மலையில் இருப்பவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று: பழைய செப்புக் கம்பி போன் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். காற்று மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் வைஃபை போகும், அதோடு இந்த ஆப்களும் போகும். செப்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வருவதால், நம் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பேசும். 108-ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. இன்டர்நெட் போனுக்கு எதிராக நான் முதலாளியிடம் சொல்லியிருக்கக்கூடிய ஒரே நியாயமான விஷயம் இதுதான். இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் உதவியிருக்காது, இதை வைத்து எதையும் தடை செய்ய முடியாது.

எஸ்டேட் வேலையை விட்ட பிறகு முதலாளியைச் சென்னையில் பார்த்தேன். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது டோரண்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன படம்டா?" என்று கேட்டார். அவருக்கு அது சிரிக்கிற விஷயம்தான். அவர் லேப்டாப்புக்குத் தடை இருந்ததே இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. மஞ்சக்குட்டைக்குப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். டோரண்ட் என்றால் என்ன, பெட்டி என்றால் என்ன என்று விளக்கவேண்டி இருந்தது. மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள், அவள் எளிதாகப் புரிந்துகொண்டு அம்மாவுக்குச் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நான் அவரு மேல சந்தேகப்பட்டேங்க சார். காசு கட்டிட்டேன்னு பொய் சொல்றாரு, பேசறதுக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சேன். கேட் பக்கத்துல நின்னு எவ்வளவு சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? அவங்க அம்மாகிட்டப் போய் வேற சொன்னேன்."

இது எனக்குத் தெரியாது. லாகில் சிவப்பு வரிகள்தான் வரும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து ஷார்ஜாவுக்குப் போட்டார், போட்டிமில்தான். இரண்டாவது ரிங்கில் கணவர் வந்தார், பின்னால் ஏதோ மெஷின் சத்தம். "இந்தா, ஆபீஸ் சார் பேசறாரு. எல்லாத்தையும் அவரே சொல்லுவாரு" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "அப்ப அந்த பேக்கை நிறுத்தச் சொன்னதும் நீங்கதானுங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

"நான் உடனே நிறுத்தலைங்க. என்னைக்காச்சும் ஒரு நாள் கிடைக்கும்னு கட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

அந்தப் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், எத்தனை மாதம் என்று சொல்லுங்கள் என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "மெசேஜெல்லாம் வெச்சிருக்கேன், பார்த்து அனுப்பறேனுங்க" என்றார். அன்று ராத்திரியே அனுப்பினார். நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த தொகையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அக்கா பெயருக்குப் போட்டுவருகிறேன், இன்னும் முடியவில்லை.